பார்லி இலையில் பழுப்புப் புள்ளி: பிடுங்கவா, விடவா?

பொறங்காடு மகள் | ஆகஸ்ட் 12, காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, பெரும்பகுதி தேயிலை. வீட்டை ஒட்டிக் கேரட் எடுத்த இரண்டு பாத்திகளில் இந்த வருடம் பார்லி விதைத்தேன். தன் சின்ன வயதில் எங்கள் ஹட்டியில் (எங்கள் படகர் ஊரில்) பார்லி இல்லாத வீடே கிடையாது என்று பாட்டி சொல்வார். வறுத்து அரைத்த அந்த மாவின் மணம் எனக்கே லேசாக நினைவிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது பல வருட ஆசை.

மேல்பாத்தியில் போட்டது பழைய விதை. பக்கத்து ஹட்டியில் ஒரு வயதான அம்மா வருடா வருடம் வீட்டு மூலையில் நாலு வரிசை விதைத்து, தகர டப்பாவில் சாம்பல் கலந்து காப்பாற்றி வந்தார். ஒரு படி கொடுத்தார். கீழ்பாத்தியில் போட்டது கடையில் வாங்கிய பாக்கெட் விதை. "நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது" என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. இரண்டையும் ஜூன் 20 வாக்கில் விதைத்தோம்.

இப்போது கீழ்பாத்தி முழுக்க இலைமேல் மாவு தூவியதுபோல் வெள்ளை. மேல்பாத்தி கலவையாக இருக்கிறது. சில செடியில் அதே வெள்ளை. சில செடியில் வெள்ளையே இல்லை, ஆனால் இலை முழுக்கக் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள். இலை செத்துக்கொண்டு வருகிறது, இதுதான் பெரிய நோய், பரவிவிடும் என்று பயந்து நேற்று மாலை அந்த மாதிரி ஒன்பது செடிகளைப் பிடுங்கிவிட்டேன். அம்மா "போதும் விடு" என்று தடுத்தார். மீதியைப் பிடுங்கவா, விடவா? அருகில் பட்டாணியும் இருக்கிறது, அதற்கும் போய்விடுமோ என்று கவலை.

கேத்தி கேரட் | ஆகஸ்ட் 12, காலை 8:02

அக்கா, யோசிக்க நேரம் கிடையாது. இந்த மூடுபனியில் பூஞ்சைக்கு ஒரு வாரம் கொடுத்தால் போதும். கோதுமையின் துரு நோய்க்கு அடிக்கும் புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 1 மில்லி கலந்து இரண்டு பாத்திக்கும் அடியுங்கள். புள்ளி விழுந்த செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். பட்டாணிக்கும் சேர்த்து அடித்துவிடுவது நல்லது. போன வருடம் நான் உருளைக்கிழங்கில் நாலு நாள் தாமதித்தேன். முக்கால் ஏக்கர் கறுகிப் போனது. அந்த வலி யாருக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நுண்ணோக்கி | ஆகஸ்ட் 12, காலை 9:40

பயிர் நோயியலில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, முதலில் அந்தக் கையை நிறுத்துங்கள். இன்னும் ஒரு செடியையும் பிடுங்க வேண்டாம், மருந்தும் இன்று வேண்டாம். தம்பி கேத்தியின் பயம் நியாயமானது, உருளையின் கருகல் நோய் ஒரு வாரத்தில் வயலையே சாய்த்துவிடும். ஆனால் நீங்கள் சொல்கிற வெள்ளை மாவு அந்தக் குணம் உள்ளதல்ல. பார்லியைக் கொல்லாது, விளைச்சலைத்தான் குறைக்கும். பார்த்து முடிவெடுக்க நமக்கு நாள் இருக்கிறது.

நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்தால் துடைத்துக்கொண்டு வருகிறதா? பழுப்புப் புள்ளிக்குச் சுற்றிலும் மஞ்சள் வளையம் உண்டா? புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகின்றனவா, முதல் நாள் அளவிலேயே நிற்கின்றனவா? பழுப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னியதுபோல் கோடுகள் தெரிகின்றனவா?

பொறங்காடு மகள் | ஆகஸ்ட் 12, மாலை 6:25

ஐயா, நன்றி. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். மகனுடைய பள்ளிக்கூடப் பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போனேன்.

வெள்ளை, விரலில் விபூதி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. துடைத்த இடத்தில் இலை லேசான மஞ்சளாக இருக்கிறது. அடி இலைகளில் வெள்ளை சாம்பல் நிறமாகி, நடுவில் கடுகை நறுக்கியதுபோல் கறுப்பாக ஏதோ இருக்கிறது.

பழுப்புப் புள்ளி விழுந்த செடியில் மஞ்சள் வளையம் இல்லை. புள்ளிகள் தனித்தனியாக நிற்கின்றன. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடை மாதிரி தெரிகிறது, ஆனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நல்ல பச்சை. வலைக்கோடு எதுவும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். அந்தச் செடிகள் நன்றாகத் தூர் கட்டியிருக்கின்றன, அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்திருக்கின்றன. கீழ்பாத்திச் செடிகளுக்கு மூன்று தூர் என்றால் இவற்றுக்கு ஐந்தாறு. நான் பிடுங்கிய ஒன்பதும் இப்படித்தான் இருந்தன. இப்போது நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

நுண்ணோக்கி | ஆகஸ்ட் 12, இரவு 8:50

கஷ்டப்படாதீர்கள். பெரிய பெரிய பண்ணைகளிலும் நடக்கிற தவறுதான் இது. ஆனால் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள், இனி உங்கள் கண்ணே உங்களுக்குச் சொல்லும்.

வெள்ளை மாவு சாம்பல் நோய். அந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள இலைதான் சாப்பாடு, செத்த இலையில் அதால் வாழ முடியாது. அதன் வித்து, அதாவது விதைபோலப் பரவும் நுண்ணிய தூள், காற்றில் வந்து இலையில் உட்காருகிறது. மற்றப் பூஞ்சைகளைப்போல இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும் என்றுகூட அதற்கு இல்லை, காற்றின் ஈரமே போதும். சில மணி நேரத்தில் முளைவிட்டு, இலையின் மேல்தோலை ஓட்டை போட்டு, தோலின் உயிரணுவுக்குள் விரல் மாதிரி ஒரு உறிஞ்சியை நீட்டும். அணு சாகாது. உள்ளே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்துக்குள் மேலே புது வித்துகள் சரம் சரமாக நிற்கும். நீங்கள் விரலில் துடைத்த விபூதி அந்தச் சரங்கள்தான். அடி இலையில் கண்ட கறுப்புப் பொட்டுகள் அதன் ஓய்வு உறைகள், காய்ந்த வைக்கோலில் தங்கி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும்.

சரி, இனி அந்தப் பழுப்புப் புள்ளி. சில செடிகளிடம் இந்தப் பூஞ்சையை அடையாளம் காணும் மரபணு இருக்கிறது. வித்து உள்ளே விரலை விட்டதும் அந்த ஒரு அணுவும் சுற்றியுள்ள சில அணுக்களும் தாமாகவே செத்துவிடுகின்றன. உயிருள்ள அணு இல்லையென்றால் பூஞ்சைக்குச் சோறு இல்லை, அங்கேயே பட்டினியால் முடிந்துபோகும். நீங்கள் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு வித்து வந்து மாட்டிக்கொண்ட இடம். இலை செத்துக்கொண்டு வரவில்லை அம்மா, தன் அணுக்களில் கொஞ்சத்தைப் பலி கொடுத்து மீதி இலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பிடுங்கியவை பெரும்பாலும் அந்த வயலிலேயே திடமான செடிகள்.

ஆனால் "பெரும்பாலும்" என்றுதான் சொல்வேன். இலைப்புள்ளி நோய் என்று இன்னொன்று உண்டு, அதுவும் தொடக்கத்தில் சின்னப் பழுப்புப் பொட்டாகத்தான் வரும். அந்தப் பூஞ்சை நேர் எதிர்க்குணம் கொண்டது, இலையைக் கொன்றுதான் தின்னும். அதற்கு எதிராக அணு தற்கொலை செய்துகொண்டால் அதற்கு விருந்து. ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் செய்தித்தாளை நாலாக மடித்துப் போட்டு நனையுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. புள்ளி இலைகளை அதன்மேல் பரப்பி மூடி, அடுப்பங்கரையில் கதகதப்பான இடத்தில் மூன்று நாள் வையுங்கள். புள்ளிமேல் கறுப்புப் பூனைமுடிபோல் எழுந்தால் இலைப்புள்ளி. எதுவும் எழாமல் புள்ளி புள்ளியாகவே இருந்தால் நான் சொன்ன தற்காப்பு.

பட்டாணியை நினைத்துப் பயப்பட வேண்டாம். பட்டாணிக்கும் சாம்பல் நோய் வரும், ரோஜாவுக்கும் வரும். பெயர்தான் ஒன்று, பூஞ்சைகள் வேறு வேறு. பார்லியின் சாம்பல் பட்டாணியில் ஒட்டாது. கோதுமையின் சாம்பல்கூடப் பார்லியில் ஒட்டாது.

மன்னவனூர் பூண்டு | ஆகஸ்ட் 13, காலை 6:15

கொடைக்கானல் மேல்மலையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பூண்டும் உருளையும்தான் பிழைப்பு. மாட்டுத் தீவனத்துக்காக ஓட்ஸும் கொஞ்சம் பார்லியும் போடுவோம். ஐயா சொன்னதைப் படித்ததும் நேராகக் கொல்லைக்குப் போனேன். சவுக்கு நிழல் விழும் ஓரத்தில் வெள்ளை அப்பியிருக்கிறது, வெயில் படும் மேட்டில் குறைவு. போன மாதம் கோழி எரு அதிகம் போட்ட துண்டில்தான் ரொம்ப மோசம். இலை கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று இருக்கிறது, அதிலேதான் மாவு. இதற்கும் எருவுக்கும் தொடர்பு உண்டா?

நுண்ணோக்கி | ஆகஸ்ட் 13, காலை 10:05

நிச்சயம் உண்டு. தழைச்சத்து கூடினால் இலை மிருதுவாகும், செடி நெருங்கும், உள்ளே காற்று ஓடாது. நெருக்கம், நிழல், அதிகத் தழைச்சத்து இந்த மூன்றும் சாம்பலுக்குப் பிடித்தவை. 15 முதல் 22 டிகிரிக்குள் வெப்பம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நம் மலைகளில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தானே இருக்கிறது. பலத்த மழை ஒன்றுதான் கொஞ்சம் கழுவிவிடும். அடுத்த முறை வரிசையை அகலமாக விட்டு விதையுங்கள் தம்பி.

பொறங்காடு மகள் | ஆகஸ்ட் 16, காலை 7:30

மூன்று நாள் ஆயிற்று. டப்பாவைத் திறந்தேன். மேல்பாத்திப் புள்ளி இலைகள் பத்து வைத்திருந்தேன். எட்டில் எதுவும் எழவில்லை, வைத்தபடியே இருக்கின்றன. இரண்டு இலையில் மட்டும் புள்ளி கொஞ்சம் நீண்டு, பூதக்கண்ணாடியில் கறுப்பு மயிர் மாதிரி தெரிந்தது. அந்த இரண்டும் ஒரே செடியின் இலைகள், எந்தச் செடி என்று குறித்து வைத்திருந்தேன். அந்த ஒன்றை மட்டும் வேரோடு எடுத்து எரித்துவிட்டேன். மற்றதைத் தொடவில்லை.

ஐயா, ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பாக்கெட் விதை "எதிர்ப்புத் திறன்" என்று விற்றது. அதில் ஒரு செடிகூடத் தப்பவில்லையே. ஏன்?

சிறுகுடி விதை | ஆகஸ்ட் 16, மதியம் 1:12

சகோதரி, இதற்குப் பதில் எளிது. நாட்டு விதைக்கு நோய் வராது, கம்பெனி விதைக்கு வரும். நம் முன்னோர் மருந்தா அடித்தார்கள்? பழைய விதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை உழுதுவிடுங்கள்.

கேத்தி கேரட் | ஆகஸ்ட் 16, மதியம் 2:40

அண்ணா, அவர் பழைய விதையிலும் சில செடியில் வெள்ளை இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | ஆகஸ்ட் 16, இரவு 9:30

இரண்டு பேரும் பொறுங்கள். கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"எதிர்ப்புத் திறன்" என்று பாக்கெட்டில் போட்டால் எந்த நோய்க்கு என்றும் போட வேண்டும். சமவெளியில் கோதுமை, பார்லி விதைக்குத் துருதான் முதல் பகை. துருவுக்குத் தாங்கும் ரகம் சாம்பலுக்குத் தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பூட்டு வேறு, சாவி வேறு. வாங்கும்போது "எதற்கு எதிர்ப்பு, எங்கே சோதித்தது" என்று கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, பாக்கெட் விதை ஒரே ரகம். ஒரு செடி விழுந்தால் எல்லாம் விழும். பார்லி தன் மகரந்தத்தாலேயே காய்க்கிற பயிர், அதனால் ஒரு ரகத்துக்குள் எல்லாச் செடியும் அச்சுப் பிரதி. உங்கள் தகர டப்பா விதை அப்படியல்ல. அது பல வம்சங்களின் கூட்டம். சிலது சாம்பலுக்குத் தாங்கும், சிலது தாங்காது, சிலது வறட்சிக்கு நிற்கும். நாட்டு விதைக்கு நோய் வராது என்பது தவறு, சிறுகுடி அண்ணா. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வராது என்பதுதான் அதன் பலம்.

அந்தப் பலத்தை ஒரு நாடே பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. 1980களில் கிழக்கு ஜெர்மனியில் சாம்பல் எதிர்ப்பு மரபணு வேறு வேறாக உள்ள பார்லி ரகங்களைக் கலந்து விதைத்தார்கள். 1990 வாக்கில் நாட்டின் கோடைப் பார்லியில் பெரும்பகுதி கலப்புதான். சாம்பல் நோய் பெருமளவு தணிந்தது, மருந்துச் செலவும் குறைந்தது. பக்கத்துச் செடி தாங்கும் வகை என்றால் அதன்மேல் விழும் வித்து வீண். இரு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு, பீருக்காகப் பார்லியை முளைகட்டி மால்ட் தயாரிப்பவர்கள் தனி ரகம்தான் வேண்டும் என்றதால் அது நின்றுபோனது. எனக்கு இன்றுவரை அதில் வருத்தம் உண்டு.

ஒற்றை மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. 1935இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தண்டுத் துரு பார்லி வயல்களை அழித்தது. சாம் லிக்கன் என்ற விவசாயி நோயில் விழுந்த தன் வயலில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். அதன் விதையைத் தனியே எடுத்துப் பெருக்கினார். 1942இல் அது கிண்ட்ரெட் என்ற ரகமாக விவசாயிகளிடம் போனது. அதற்குள் இருந்த மரபணுவுக்குப் பின்னாளில் ஆர்பிஜி1 என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த ஒரு மரபணுதான் அந்தப் பகுதியின் பார்லியைத் தண்டுத் துருவில் இருந்து காத்தது. 1989இல் அதையும் தாண்டும் துரு இனம் வந்துவிட்டது. ஒரு செடியைக் கவனித்த கண் ஐம்பது வருடம் சோறு போட்டது என்பதும் உண்மை. பூஞ்சையும் சும்மா இருக்காது என்பதும் உண்மை.

சாம்பலுக்கு எதிராக இன்னொரு வகை எதிர்ப்பும் உண்டு, எம்எல்ஓ என்பார்கள். பார்லியில் உள்ள ஒரு புரதத்தை இந்தப் பூஞ்சை உள்ளே நுழைய வழியாக்கிக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் மரபணு பழுதான செடியில் நுழையவே முடியாது. வித்து உட்கார்ந்த இடத்தில் செடி உட்புறமாகச் சுவரைத் தடித்துப் பூசிவிடும். 1942இல் ஜெர்மனியில் எக்ஸ்ரே பாய்ச்சிய விதையில் அப்படி ஒரு செடி கிடைத்தது. எத்தியோப்பிய மலை விவசாயிகளின் நாட்டுப் பார்லியிலோ அது இயல்பாகவே இருந்தது. அதை வைத்து 1979 முதல் ஐரோப்பாவில் ரகங்கள் வந்தன, நாற்பது வருடம் தாண்டியும் பூஞ்சை அதை முறியடிக்கவில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த ரகங்களில் நோயே இல்லாமல் இலையில் தானாகப் புள்ளி விழும், வேறு சில இலைநோய்களுக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பட்டாணிக்காரர்களுக்கு ஒரு செய்தி: பட்டாணியில் சாம்பலைத் தாங்கும் ஈஆர்1 என்ற மரபணுவும் இதே குடும்பத்துப் பழுதுதான்.

எத்தியோப்பியாவும் மலை, நீலகிரியும் மலை. யாரோ ஒரு பாட்டி டப்பாவில் காத்த விதையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் பிடுங்க வேண்டாம் என்று கத்தினேன்.

பொறங்காடு மகள் | ஆகஸ்ட் 17, காலை 5:50

இரவு இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விதை கொடுத்த அந்த அம்மாவிடம் இன்று நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.

மருந்து பற்றி ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், சரியா என்று சொல்லுங்கள். கீழ்பாத்திக்கு மட்டும் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்). மேல்பாத்திக்கு எதுவும் வேண்டாம். அடித்துவிட்டால் எது தாங்கியது, எது மருந்தால் பிழைத்தது என்று தெரியாமல் போய்விடுமே.

நுண்ணோக்கி | ஆகஸ்ட் 17, காலை 9:15

நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மழை இல்லாத காலையில். பார்லிக்குத் தூர் கட்டும் காலமும் தண்டு எழும் காலமும்தான் முக்கியம், கதிர் வந்தபின் அடித்து அதிகப் பயன் இல்லை. மேல்பாத்தியில் தாங்கும் செடிகளுக்கு அடையாளம் கட்டுங்கள்.

குந்தா காற்று | ஆகஸ்ட் 19, இரவு 10:20

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். துரு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இது நம் மலைகளின் கதை.

கரம் சந்த் மேத்தா என்ற விஞ்ஞானி ஆக்ராவில் இருந்துகொண்டு, சமவெளியில் கோதுமைத் துரு வருடா வருடம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருவின் வித்து பிழைக்காது. ஐரோப்பாவில் துரு பெர்பெரிஸ் என்ற முட்செடியில் தங்கிப் பிழைக்கும். நம் சோலை ஓரங்களிலும் பெர்பெரிஸ் உண்டு. ஆனால் இந்தியாவில் அந்தச் செடிக்குத் துருவில் பங்கில்லை என்று மேத்தா காட்டினார். மலைகளில் வெயில் காலத்திலும் கோதுமை, பார்லி நிற்கிறது, அறுவடையில் உதிர்ந்த மணி தானாக முளைக்கிறது, அதிலே துரு உயிரோடு இருக்கிறது, அங்கிருந்து காற்றில் இறங்குகிறது என்பது அவர் கண்டது. வடக்கே இமயமலை. தெற்கே நீலகிரியும் பழனி மலையும்தான். பின்னால் வந்தவர்கள், தென் மலைகளில் இருந்து கறுப்புத் துருவின் (தண்டுத் துருவுக்கு இன்னொரு பெயர்) வித்து வங்கக் கடலில் வரும் நவம்பர் புயல்களின் காற்றோடு மத்திய இந்தியா வரை போகும் பாதையையே வரைந்தார்கள். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் கோதுமை எதிர்ப்பு ரகங்களை இங்கே உருவாக்கிச் சோதிப்பதும் அதனால்தான், துரு இங்கே தவறாமல் வரும்.

ஆகவே அக்கா, அறுத்தபிறகு உதிர்ந்து முளைக்கும் பார்லியை அப்படியே விடாதீர்கள். மாட்டுக்கு அறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் கொத்திவிடுங்கள். மன்னவனூர் அண்ணாவுக்கும் இதே வேண்டுகோள். நம் கொல்லையின் ஓரத்தில் நிற்கும் பத்துச் செடி தூரத்து ஊர்க்காரன் வயலுக்கும் போய்ச் சேரும்.

மன்னவனூர் பூண்டு | ஆகஸ்ட் 20, காலை 6:40

இத்தனை வருடம் இது தெரியாது தம்பி. தீவனப் பார்லி இரண்டு மழைக்கு அப்புறமும் தானாக வந்துகொண்டே இருக்கும், இலவசத் தீவனம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தோம். பூண்டு போடுவதற்கு முன் இந்தத் தடவை முழுதாகக் கொத்திவிடுகிறேன்.

பொறங்காடு மகள் | செப்டம்பர் 14, மாலை 5:30

இடையில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். காட்டெருமைகள் ஒரு இரவு கீழ்பாத்தியில் இறங்கி மூன்றில் ஒரு பங்கை மேய்ந்துவிட்டன. மேல்பாத்தி வீட்டுச் சுவரை ஒட்டியிருந்ததால் தப்பியது.

மேல்பாத்தியில் வெள்ளையே ஏறாத செடிகள் மொத்தம் 14. அம்மாவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அந்தச் சிவப்புக் கம்பளி நூலை ஒவ்வொன்றின் அடித்தூரிலும் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். கதிர் வந்துவிட்டது. 14இல் மூன்று வகை தெரிகிறது. சிலதின் கதிர் இருவரிசை, சிலது ஆறுவரிசை, ஒன்றின் மணித் தோல் கருநீலம்.

ஆனால் நேற்றிலிருந்து புதிதாக ஒன்று. இலை மேல்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். விரலால் தொட்டால் மஞ்சள்தூள் மாதிரி ஒட்டுகிறது. சிவப்பு நூல் கட்டிய செடிகளிலும் இருக்கிறது. இதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

நுண்ணோக்கி | செப்டம்பர் 14, இரவு 8:00

இது இலைத் துரு. சாம்பலை அடையாளம் கண்ட மரபணுவுக்குத் துருவைத் தெரியாது. பாக்கெட் விதைக்கு நான் சொன்னதேதான் இவற்றுக்கும். கதிர் வந்து மணி பால் பிடிக்கும் நேரத்தில் வந்ததால் விளைச்சல் நட்டம் பெரிதாக இருக்காது.

அழ வேண்டாம், இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் வயலில் இரண்டாவது பரீட்சை நடக்கிறது. 14 செடிகளிலும் மேலிருந்து இரண்டாவது இலையை மட்டும் பாருங்கள். எத்தனை கொப்புளம், பெரிதாகத் திறந்து தூள் கொட்டுகிறதா, அல்லது சின்னதாக நின்று சுற்றிலும் வெளிறிப்போகிறதா என்று ஒவ்வொரு செடிக்கும் எழுதுங்கள். துருவில் முழுதாகத் தப்பும் செடியை மட்டும் தேடாதீர்கள். மெதுவாகத் துரு ஏறுகிற செடி இன்னும் மதிப்புள்ளது, வளர்ந்த பருவத்தில் காட்டும் அந்த நிதான எதிர்ப்பு பல சமயம் நீடித்து நிற்கும். அப்படிப்பட்டவற்றுக்கு வேறு நிற நூல்.

கேத்தி கேரட் | செப்டம்பர் 14, இரவு 8:35

அக்கா, முதல் நாள் இரண்டு பாத்திக்கும் அடியுங்கள் என்று சொன்னவன் நான். நீங்கள் கேட்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அடித்திருந்தால் இந்த 14ஐ யாரும் பார்த்திருக்கவே மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், குறிப்பெடுக்கக் கூட ஒரு ஆள் இருந்தால் உதவியாக இருக்குமே.

பொறங்காடு மகள் | அக்டோபர் 18, மாலை 4:45

கேத்தித் தம்பி வந்து இரண்டு ஞாயிறு உதவினார். 14இல் ஐந்து செடியில் துரு மெதுவாகத்தான் ஏறியது, கொப்புளம் சின்னதாகவே நின்றது. அவற்றுக்கு வெள்ளை நூலும் கட்டியிருக்கிறேன். கருநீல மணிச் செடி அந்த ஐந்தில் ஒன்று. கதிர் கழுத்து வளைந்துவிட்டது. எப்போது அறுப்பது, எப்படி வைப்பது?

நுண்ணோக்கி | அக்டோபர் 18, இரவு 7:20

மணியை நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் பொறுங்கள், விழாவிட்டால் அறுக்கலாம். வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முன் முடித்துவிடுங்கள், ஈரக் கதிரில் மணி கறுத்துப்போகும்.

இரண்டு நூல் கட்டிய ஐந்தையும் முதலில் அறுங்கள். ஒவ்வொரு செடியும் தனிக் காகிதக் கவரில், கலக்கக் கூடாது. அடுத்த பருவம் ஒரு செடிக்கு ஒரு வரிசை என்று விதைத்தால் எந்த வரிசை முழுக்கத் தாங்குகிறது என்று தெரியும். ஒற்றை நூல் ஒன்பதையும் அதேபோல் தனித்தனிக் கவரில். மேல்பாத்தியின் மீதி எல்லாவற்றையும் கலப்பாகவே எடுத்து அந்தத் தகர டப்பாவை நிரப்புங்கள், அதைக் குறைத்துவிடாதீர்கள். கவர்மேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

பொறங்காடு மகள் | அக்டோபர் 21, காலை 11:10

அறுத்தாயிற்று. கவர்கள் அடுப்புக்கு மேல் பரணில் காய்கின்றன. கருநீலத்தின் கவரில் 212 மணி, இரண்டு முறை எண்ணினேன். விதை கொடுத்த அம்மாவுக்கு டப்பாவை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். அந்தக் கருநீல மணி தன் மாமியார் காலத்தில் தனியாகவே விதைத்தது என்றும், பேறுகாலத்துக் கஞ்சிக்கு அதைத்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார். வேறு யாரிடமாவது அது இருக்கிறதா என்று கேட்டேன். குந்தாப் பக்கம் ஒரு ஹட்டியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். குந்தா காற்று அண்ணா, அடுத்த வாரம் அங்கே போக வழி சொல்ல முடியுமா?

குந்தா காற்று | அக்டோபர் 21, மதியம் 12:30

எந்த ஹட்டி என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள் அக்கா. மஞ்சூர் வரை பஸ்ஸில் வந்துவிடுங்கள், அங்கிருந்து நானே ஜீப்பில் கூட்டிப்போகிறேன். காகிதக் கவர் கொஞ்சம் அதிகமாகவே கொண்டு வாருங்கள்.